சின்னதம்பிக்கு நான் சொன்ன புத்திமதி

வீட்டில் ஒரு வாளி காய்ந்த மணல் இருப்பது எப்போதும் நல்லது. எண்ணெய் கொட்டினால் மேலே போடலாம், சட்டி தேய்க்கலாம், எறும்புப் புற்றை மூடலாம். ஏரிக்கரையில் குடியிருந்துகொண்டு யாராவது மணலை வாளியில் பிடித்து வைப்பார்களா என்று வேலம்மா சிரிப்பாள். வேலம்மா என் ஓரகத்தி. என் கொழுந்தன் சின்னதம்பியின் மனைவி. கரையில் கிடப்பது உப்புத் தண்ணீர் ஊறிய மணல். வாளியில் இருப்பது சலித்து, வெயிலில் பரப்பி, காயவைத்து எடுத்த மணல். இந்த வித்தியாசம் தெரியாதவர்களோடுதான் நான் இத்தனை வருஷம் குடித்தனம் செய்கிறேன்.

பஞ்சாயத்தார் மன்னிக்க வேண்டும். பெண்கள் கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பதுதான் வழக்கம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அங்கிருந்து பேசினால் கத்திப் பேச வேண்டியிருக்கும். நான் சொல்லப்போவது கத்திச் சொல்கிற விஷயம் அல்ல. அதனால்தான் இப்படி முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டேன். கருப்பண்ணன் வலை எரிந்ததற்குக் காரணம் சின்னதம்பி இல்லை, நான். அதை விவரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன். அடுப்பில் ஒன்றும் வைத்துவிட்டு வரவில்லை, அவசரமில்லை.

முதலில் சின்னதம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கெல்லாம் அவனைச் சின்ன வயதிலிருந்து தெரியும். எனக்கு அவனை நான் எளாவூரிலிருந்து இந்தக் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்துதான் தெரியும். ஆனாலும் உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நான் வந்த அன்றே, “தம்பி, அந்தப் பெட்டியை உள்ளே வை” என்றேன். எடுத்துக்கொண்டு போய் வெளியே வைத்தான். அன்றைக்கு மழை வேறு பெய்தது. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அவன் அதற்கு நேர்மாறாகத்தான் செய்வான். கெட்ட எண்ணம் கிடையாது. தங்கமான பிள்ளை. அண்ணி சொல்லி நான் கேட்பதா என்று ஒரு வீம்பு, அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் அழுதேன். அப்புறம் இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது. எந்தப் பக்கம் போவான் என்று நிச்சயமாகத் தெரிந்த மாட்டை ஓட்டுவதற்கு என்ன கஷ்டம். சுண்ணாம்புக்குளத்துப் பெண் நமக்குச் சரிப்பட்டு வராது, வாயாடி, என்றேன். அடுத்த தை மாதமே வேலம்மாவுக்குத் தாலி கட்டிக் கூட்டிவந்தான். வேலம்மாவை நான் சந்தையில் பார்த்து ஏற்கெனவே மனதில் முடிவு செய்து வைத்திருந்தேன். முன்வாசல் கூரை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, கை வைக்காதே என்றேன். பொழுது சாய்வதற்குள் பிரித்துப்போட்டுத் தகரம் அடித்தான். ஒரு தீபாவளிக்கு, “உழைக்கிற உடம்பு, கொஞ்சம் குடிச்சாதான் நல்லது தம்பி, வுட்டுடாத” என்று சொன்னேன். அன்றோடு விட்டவன் இன்றுவரை தொடவில்லை. வேலம்மா என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

தேர்தல் சமயத்தில் நான் வாயே திறப்பதில்லை. அந்த அளவுக்கு நேர்மை எனக்கு உண்டு.

என் வீட்டுக்காரர் துளசிங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் நான் சொல்வதைக் கேட்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. “ம்” என்பார். வீடு எரிகிறது என்றாலும் “ம்” என்பார். ஆக, எங்கள் வீட்டில் என் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பவன் சின்னதம்பி ஒருவன்தான். முழுதாகக் கேட்டால்தானே முழுதாக மாற்றிச் செய்ய முடியும்.

போன வருஷம் சின்னதம்பி ஒரு ஸ்பீக்கர் வாங்கினான். இடுப்பு உயரம், அடியில் சக்கரம், முன்னால் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி எரிகிற விளக்கு, கூடவே ஒரு மைக். இது எனக்குத் தெரியாமல் நடந்தது. தெரிந்திருந்தால் வாங்கச் சொல்லியிருப்பேன்.

அவன் குரலைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். நீங்களே கேட்டிருக்கிறீர்கள். உங்களில் இரண்டு பேர் அவன் பாடும்போது எழுந்து போனதை நானே பார்த்தேன். சாயங்காலம் ஆனால் போதும், ஸ்பீக்கரை என் சமையற்கட்டுச் சுவர் ஓரமாக இழுத்துவந்து நிறுத்துவான். அங்கேதான் காற்று வருகிறதாம். சுவருக்கு இந்தப் பக்கம் மிளகாய்த்தூள் டப்பா ஆடி ஆடி அடுக்கின் ஓரத்துக்கு வரும். நான் திரும்ப உள்ளே தள்ளி வைப்பேன். பாட்டுக்கு நடுவே மைக்கில் ஊருக்குச் செய்தியும் சொல்லுவான். எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு கூடியதைத் தோணிரேவு வரைக்கும் கேட்கும்படி சொன்னான். சொன்னால் சொல்லட்டும், உண்மைதானே, அன்றைக்கு உப்பு கூடித்தான் போயிற்று. நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

ஆனால் எங்கள் பாடு போனதை மனதில் வைத்துக்கொண்டேன்.

பாடு என்பது என்ன என்று புரிந்துகொள்ளவே வாழவந்த புதிதில் எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. ஏரியில் இறால் நன்றாக வருகிற இடம் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே போய் வலை கட்டினால் வெட்டுக்குத்தாகும். அதனால் முறை வைத்திருக்கிறீர்கள். இன்று ஒரு வீட்டுக்கு, நாளை அடுத்த வீட்டுக்கு. அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. பொழுது சாய்வதற்குள் தோணி அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த முறைக்காரர் போய்க் கட்டிக்கொள்ளலாம், கேள்வி கிடையாது. எங்கள் வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரே பாடு. நீரோட்டத்தில் அந்த வலையைக் கட்ட இரண்டு ஆள் வேண்டும்.

மழை விட்டு இறால் பொங்கி வந்த சமயம். எங்கள் முறை வந்தது. என் வீட்டுக்காரர் தோணியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சின்னதம்பி ஒரு காதுகுத்து வீட்டில் பாடிக்கொண்டிருந்தான். யார் கேட்டார்களோ, இன்னொரு பாட்டு என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் இன்னொன்று. அவன் ஸ்பீக்கரை இழுத்துக்கொண்டு கரைக்கு ஓடிவந்தபோது கருப்பண்ணன் தோணி அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது. மறுநாள் காலையில் கருப்பண்ணன் வீட்டு வாசலில் இறாலை அள்ளிக் கூடை கூடையாகக் கட்டினார்கள். எனக்குக் குழம்புக்கு ஒரு கை கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொண்டேன். முறை என்றால் முறைதான், கருப்பண்ணன் மேல் தப்பு ஒன்றும் இல்லை. அதை அன்றைக்கே எல்லாரிடமும் சொன்னேன்.

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், “ஒரு வருமானம் பூட்ச்சே, தம்பிய ஒரு வார்த்தை கேக்கமாட்டியா” என்று. “ம்” என்றார்.

இனி பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன். அதற்கும் முன்னால் என்னுடைய செல்போன் பேட்டரி ஒன்று உப்பியது. பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வாய் திறந்த மட்டி மாதிரி இருந்தது. பழவேற்காடு கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற மாசிலாமணியிடம் எடுத்துக்கொண்டு போனேன். இடுப்பில் செருகிக்கொண்டுதான் போனேன். எடுத்து அவன் மேஜையில் வைத்ததும், அவன் நாற்காலியோடு பின்னால் போனான்.

“யக்கா, மொதல்ல அத்த வெளில வையி. வச்சிட்டு வந்து பேசு.”

வைத்துவிட்டு வந்தேன். அப்புறம் பொறுமையாகச் சொன்னான். உப்பிய பேட்டரிக்குள் இருப்பது சாதாரணக் காற்று இல்லை, எரிகிற வாயு. அதற்குமேல் அதை சார்ஜில் போடக் கூடாது. அழுத்தக் கூடாது, மடக்கக் கூடாது. ஊசியோ கத்தியோ பட்டால் போதும், தீ சீறிக்கொண்டு வரும். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. குப்பையில் போடக் கூடாது, ஏரியிலும் வீசக் கூடாது. காய்ந்த மணல் போட்ட மண்சட்டியிலோ தகர டப்பாவிலோ வைத்து, துணி, வலை, கேஸ் அடுப்பு எதுவும் இல்லாத வெட்டவெளியில் வைக்க வேண்டும். அப்படியே அவனிடம் கொண்டுவந்தால், பழைய பேட்டரி சேர்க்கிற இடத்துக்குச் சென்னைக்கு அனுப்பிவிடுவான். நான் வீட்டுக்கு வந்து மணலைச் சலித்துக் காயவைத்து, அவன் சொன்னபடியே செய்தேன். ஒரு சின்னப் புகைகூட வரவில்லை. ஒரு பொருளைச் சரியாக அப்புறப்படுத்துவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அது எனக்குப் பிடித்துப்போயிற்று.

மாசிலாமணி மேல் யாரும் சந்தேகப்பட வேண்டாம். சின்னதம்பியின் ஸ்பீக்கரில் பழைய பேட்டரி செத்துப்போய், புதிதாக லித்தியம் பேட்டரி போட்டுக் கொடுத்தது அவன்தான். நல்ல பேட்டரி. வெள்ளிக் காகிதம் சுற்றின மாதிரி, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்கென்று ஒரு சார்ஜரும் கொடுத்தான். வேறு சார்ஜர் போடாதே, நிறைந்ததும் எடுத்துவிடு, வெயிலில் வைக்காதே என்று சின்னதம்பியிடம் சொன்னான். நானும் கூட நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாசிலாமணி சொன்னதைச் சின்னதம்பி அப்படியே கடைப்பிடித்தான். மற்றவர்கள் சொன்னால் கேட்பான்.

பிறகு அந்த சார்ஜர் தொலைந்துவிட்டது. வீடு முழுக்கத் தேடினான். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். அரிசிப் பானைக்குள் மட்டும் யாரும் பார்க்கவில்லை. இப்போதும் அங்கேதான் இருக்கிறது, வேண்டுமானால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

சார்ஜர் இல்லாமல் அவன் முகம் வாடிப்போயிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. பரணில் பழைய சார்ஜர் ஒன்று கிடந்தது, எதனுடையது என்று தெரியாது, முனை மட்டும் பொருந்தியது. எடுத்துக் கொடுத்தேன். அவன் ஏரிக்குப் போகிற நாளெல்லாம், வந்தவுடன் பாடட்டுமே என்று ஸ்பீக்கரை சார்ஜில் போட்டு வைப்பேன். நிறைந்துவிட்டதா என்று பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. முன்வாசல் தகரக் கூரைக்கு அடியில்தான் ப்ளக் இருக்கிறது. மத்தியான வெயிலில் அங்கே கருவாடு பரப்பாமலே காயும். “அக்கா, அத்த எடுத்துடவா, கொதிக்குது” என்று வேலம்மா ஒருநாள் கேட்டாள். கிடக்கட்டும் என்றேன்.

இதையெல்லாம் உதவி என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். உதவி செய்வதற்கும் ஒரு பொறுமை வேண்டும்.

சித்திரை வெயில் முடிவதற்குள் ஸ்பீக்கரின் பின்பலகை புடைத்துக்கொண்டது. சின்னதம்பி ஸ்க்ரூவைக் கழற்றினான். உள்ளே பேட்டரி கும்மென்று உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெளியே எடுத்து, உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினான். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இன்னா அண்ணி இது, பேத்தை மாதிரி வயித்த உப்பிக்கினு கீது.”

பேத்தை என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வலையில் மாட்டினதும் காற்றைக் குடித்து பந்து மாதிரி உப்பிக்கொள்கிற மீன். விற்காது, தின்னவும் முடியாது, விஷம். வலைக் கண்ணிலிருந்து எடுக்கவும் வராது. ஆகவே நம் ஆட்கள் கோணி ஊசியால் வயிற்றில் ஒரு குத்து குத்துவார்கள். புஸ்ஸென்று அடங்கும், உருவி வீசிவிடுவார்கள். நடக்கப் பழகிய பிள்ளைகூட இந்த ஊரில் அதைச் செய்யும். உப்பின எதைக் கண்டாலும் இங்கே ஆண்களுடைய கை ஊசியைத்தான் தேடும். இது வேறு ஊராக இருந்தால் நான் சொன்ன புத்திமதிக்கு அர்த்தமே இருந்திருக்காது.

நான் என்ன சொன்னேன் என்பதை வார்த்தை மாறாமல் சொல்கிறேன்.

“தம்பி, அத்த குத்திடாத. குத்தினா காத்து போவாது, நெருப்புதான் வரும். பேத்தையும் இதுவும் ஒண்ணு கெடயாது. வலை கிலை கீற பக்கம் எடுத்துக்கினு போவாத. இந்தா மணல் சட்டி, இதுல வச்சி மாசிலாமணி கைல குட்த்துடு.”

இதில் ஒரு வார்த்தை பொய் இருக்கிறதா என்று சொல்லுங்கள். மாசிலாமணியே நின்றிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான். மணல் சட்டியைக்கூடக் கையோடு நீட்டினேன்.

சின்னதம்பி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் அந்தப் பழைய வீம்பு மெல்ல ஏறுவதைப் பார்த்தேன். எனக்கு மிகவும் பழக்கமான முகம் அது.

“அண்ணி, நான் பொறந்ததுலேர்ந்து பேத்தைக்குக் காத்து எறக்கிக்கினு கீறேன். இதுக்குப் போயி மாசிலாமணியா? சும்மா பேஜார் பண்ணாத.”

கோணி ஊசியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். எங்கே போனான் என்று கேட்டால், வலைகள் காய்கிற இடத்துக்கு. வேறு எங்கே போவான். அங்கே பூவரச மரத்து நிழலில் குத்தவைத்து உட்கார்ந்தான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் மணல் வாளி இருந்தது. காலையிலிருந்தே வாளியை நிரப்பி வாசலில் வைத்திருந்தேன். பக்கத்தில் இன்னொரு வாளியும் இருந்தது. நனைத்துப் பிழிந்த கோணிச்சாக்கும் ஒன்று. பாதுகாப்பு விஷயத்தில் நான் அலட்சியமாக இருந்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அவன் குத்தினான். முதலில் ஒரு சீறல், அப்புறம் வெள்ளைப் புகை, அப்புறம் நிஜமாகவே தீபாவளிதான். பேட்டரியை உதறிவிட்டுப் பின்னால் விழுந்தான். உதறிய பேட்டரி வலைக் குவியலில் போய் விழுந்தது. நைலான் வலை எரிவது உங்களுக்குத் தெரியும். மூச்சுவிடுவதற்குள் சுருண்டு உருகிவிடும். சின்னதம்பி எழுந்து ஓடி ஏரியில் குதித்தான். ஏரி அங்கே முழங்கால் ஆழம், அதனால் உட்கார்ந்துகொண்டான். நான் நடந்து போய், காற்று வருகிற பக்கமாக நின்று, பேட்டரி மேல் ஒரு வாளி மணல், வலை மேல் ஒரு வாளி மணல், அதற்குமேல் சாக்கு என்று போட்டேன். பக்கத்தில் இருந்த தோணிக்குப் பரவவில்லை. அன்றைக்கு எல்லாரும் என்னைப் பாராட்டினீர்கள். ஊரில் விவரம் தெரிந்த ஒரே மனுஷி என்று நம் தலைவரே சொன்னார்.

சின்னதம்பிக்கு இரண்டு விரலில் கொப்புளம், அது ஆறிவிட்டது. மீசையில் பாதி போயிற்று. மீதிப் பாதியை அவனே எடுத்துவிட்டான். புருவம் ஒன்று இன்னும் முளைத்துக்கொண்டிருக்கிறது. வேலம்மா அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். பேட்டரி இல்லாத ஸ்பீக்கர் இப்போது எங்கள் வீட்டில் கோழி அடைக்கப் பயன்படுகிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்க மாட்டேன்.

போன வாரம் நீங்கள் கூடினபோது சின்னதம்பி எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டான். “எல்லாம் என் தப்பு. அண்ணி படிச்சிப் படிச்சி சொல்லிச்சி, நான்தான் கேக்கல. இனிமே அண்ணி சொல்றதுதான்” என்று அழுதான். நீங்களும், எரிந்த வலைக்கு ஈடாக எங்கள் பாடு முறையைக் கருப்பண்ணனுக்கு ஒரு வருஷம் விடுவதென்று பேசிவைத்து, இன்றைக்கு முடிவு சொல்வதாக எழுந்தீர்கள். சின்னதம்பியின் பாடு என்றால் அது என் வீட்டுக்காரருடைய பாடும்தான். ஒரு வருஷம் பாடு இல்லையென்றால் இரண்டு வீட்டு அடுப்பும் எதை வைத்து எரியும்? என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். நான் சொல்ல வேண்டுமா அவர் என்ன சொன்னார் என்று.

அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சின்னதம்பி குத்துவான் என்று எனக்குத் தெரியும். குத்தாதே என்று சொன்னால்தான் குத்துவான் என்று தெரியும். சொல்லாமல் விட்டிருந்தால் வேறு பேட்டரி போட அவனே மாசிலாமணியிடம் போயிருப்பான், அதுவும் தெரியும். பேட்டரி தானாக உப்பவில்லை, நான் உப்பவைத்தேன்.

வலைப் பக்கம் போகாதே என்று சொன்னது மட்டும் வாய் தவறி வந்தது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் அப்படி இல்லை. அன்று அங்கே காய்ந்துகொண்டிருந்தது யாருடைய வலை என்று எனக்குத் தெரியும். காலையில், காயப் பரப்பியிருந்த மணலை அள்ளப் போனபோது பார்த்தேன், புது வலை, நல்ல பச்சை நிறம். எங்கள் முறையன்று கிடைத்த இறாலை விற்று வாங்கியது. கருப்பண்ணா, முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அன்று கொடுத்தனுப்பிய இறால் நன்றாகத்தான் இருந்தது.

ஆக, குற்றவாளி நான். தண்டனை எனக்குத்தான் தர வேண்டும். என்ன தருவீர்கள் என்றுதான் எனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது. பாட்டைப் பிடுங்கலாம் என்றால், எனக்குப் பாடு கிடையாது. ராஜாத்தி புருஷன் படகு கவிழ்ந்து போனபோது, அவள் இதே இடத்தில் வந்து நின்று, என் புருஷன் பாட்டை எனக்குக் கொடுங்கள், கூலிக்கு ஆள் வைத்து வலை கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். பெண்பிள்ளைக்கும் பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அவள் பேச்சோ செய்கையோ அதில் சேராது என்று அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றித் தீர்ப்புச் சொன்னீர்கள். இன்றைக்கும் ராஜாத்தி இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்து கையால் இறால் தடவிக்கொண்டிருக்கிறாள். அந்தத் தீர்ப்பை நீங்கள் மாற்றவில்லை. அதன்படி, நான் செய்ததற்காக என் வீட்டுக்காரர் பாட்டைத் தொடவும் முடியாது. மாற்றவும் வேண்டாம் என்றுதான் இன்று ஒரு நாளைக்கு நான் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுவதாக இருந்தால் முதலில் ராஜாத்தியைக் கூப்பிட்டு அவள் பாட்டைக் கொடுத்துவிட்டு, அப்புறம் என்னிடம் வாருங்கள். எனக்கு அதிலும் ஆட்சேபணை இல்லை.

என் வீட்டுக்காரரைக் கேட்கப் போகிறீர்கள். கேளுங்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதை அவர் எப்படிச் சொல்லுவார் என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் செய்தது யார் நல்லதுக்கு என்று நினைத்துப் பாருங்கள். ஒருவன் சாயங்காலத்தில் ஒழுங்காகத் தோணி ஏறுகிறான். ஒரு தெரு நிம்மதியாகத் தூங்குகிறது. குழந்தைகள் படிக்கின்றன. உங்கள் வீட்டிலும்தான். எனக்கென்று இதில் ஒன்றும் நான் தேடிக்கொள்ளவில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று இருக்கிறது. பாவம், மாப்பிள்ளை இப்படி ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறாரே என்று வேலம்மாவின் நைனா மனம் கேட்காமல் நேற்று சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒரு புது ஸ்பீக்கர் அனுப்பியிருக்கிறார். முன்னதைவிடப் பெரிது, இரண்டு மைக். சின்னதம்பி அதைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் என் முன்னால் கொண்டுவந்து வைத்தான். எங்கே வைக்கட்டும், எத்தனை நேரம் சார்ஜ் போடட்டும், நீ எப்படிச் சொல்றியோ அப்படியே செய்கிறேன் அண்ணி என்று கைகட்டி நின்றான். வீம்பு இருந்த இடமே தெரியவில்லை. இனி நான் சரியானதைச் சொன்னால் அவன் சரியானதைத்தான் செய்வான்.

பஞ்சாயத்து முடியட்டும் தம்பி, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.